சி.டி.4 612-ல இருந்து 448-க்கு இறங்கிடுச்சு, ஆனா வைரல் லோட் சரியா இருக்கு. பயப்படணுமா?

நிலா_நாமக்கல் | செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிக்க மட்டும் வருவேன், இன்னிக்குத்தான் முதல் தடவை எழுதறேன்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் எச்.ஐ.வி. இருக்கறது 2016-ல தெரிஞ்சது. ரெண்டு பேரும் மாத்திரையைத் தவற விட்டதே இல்லை. ராத்திரி ஒம்பது மணிக்கு அலாரம் வச்சிருக்கோம். அவர் லாரியில இருந்தாலும் போன் பண்ணி "போட்டாச்சா"ன்னு கேட்டுட்டுத்தான் வைப்பேன்.

போன வருஷம் அவருக்கு சி.டி.4, அதான் எதிர்ப்பு சக்தி செல்லோட எண்ணிக்கை, 612. இந்தத் தடவை 448. ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு பார்க்கற வைரல் லோட்ல ஒண்ணும் தென்படலைன்னுதான் போட்டிருக்காங்க. எச்.ஐ.வி. கூட்டு மருந்து குடுக்கற ஏ.ஆர்.டி. மையத்துல கூட்டம் ஜாஸ்தி, "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. பச்சை புக்குல ஊதா பேனாவுல அந்த 448 எழுதியிருக்கறதை நாலு நாளா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருக்கேன். 164 குறைஞ்சிருக்கே. மருந்து வேலை செய்யாம போகுதா? அவர் ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு. சாப்பாடு மட்டும் குறைஞ்சிருக்கு.

---

நெறியாளர் | செவ்வாய், இரவு 10:58

வாங்க அக்கா. ஒரு வேண்டுகோள், எல்லாருக்கும்தான்: ரிப்போர்ட் படம் போட்டா பெயர், ஏ.ஆர்.டி. எண், ஊர் எல்லாத்தையும் மறைச்சுப் போடுங்க. யாரோட எச்.ஐ.வி. நிலையையும் அவர் சம்மதம் இல்லாம வெளியில சொல்லக் கூடாதுன்னு 2017 சட்டமே இருக்கு. நாமளும் அதைக் காப்பாத்தணும்.

---

லேப்_தம்பி | புதன், காலை 6:15

அக்கா, நான் லேப் டெக்னீஷியன். பல வருஷம் சி.டி.4 மெஷின்லதான் உட்கார்ந்திருக்கேன். முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. ரெண்டு ரிப்போர்ட்லயும் 612, 448 பக்கத்துல சதவீதம்னு ஒரு எண் இருக்கும், அது என்ன? ரத்தம் எடுத்த வாரத்துல அவருக்குக் காய்ச்சல், சளி ஏதாவது இருந்ததா?

---

நிலா_நாமக்கல் | புதன், காலை 9:30

சதவீதம் போன தடவை 29, இப்ப 28 தம்பி. ஆமா, ரத்தம் குடுக்கறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி கடுமையான காய்ச்சல். உடம்பு வலியோடயே லோடு இறக்கிட்டு வந்தார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

---

லேப்_தம்பி | புதன், மதியம் 1:20

நிறைய இருக்கு அக்கா. கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன். ஒரு தடவை புரிஞ்சுட்டா அந்தப் பச்சை புக் உங்களைப் பயமுறுத்தாது.

448-னா ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்துல 448 சி.டி.4 செல். மைக்ரோ லிட்டர்ங்கறது குண்டூசித் தலை அளவு. அவ்வளவு சின்னத் துளியில எண்ணின கணக்குதான் இது. அதுவும் போக, உடம்புல இருக்கற மொத்த லிம்போசைட்ல (சி.டி.4-ம் சேர்ந்த வெள்ளை அணு வகை) ரத்தத்துல ஓடறது ஏறத்தாழ 2 சதவீதம்தான். மீதி நிணநீர்க் கட்டி, குடல், மண்ணீரல்ல தங்கியிருக்கும். காய்ச்சல் வந்தா ரத்தத்துல இருக்கறது சண்டை நடக்கற இடத்துக்குப் போயிடும். அந்த நேரத்துல எண்ணினா குறைச்சலாத்தான் தெரியும். செல் செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லை.

இப்ப உங்க கணக்கைப் பாருங்க. 612 செல், மொத்த லிம்போசைட்ல அது 29 சதவீதம். அப்படின்னா அன்னிக்கு மொத்த லிம்போசைட் சுமாரா 2,110. இந்தத் தடவை 448, 28 சதவீதம், மொத்தம் 1,600. குறைஞ்சது மொத்த லிம்போசைட். அதுல சி.டி.4-ஓட பங்கு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு. எச்.ஐ.வி. வைரஸ் அந்த செல் மேல கை வச்சிருந்தா அந்தப் பங்கே இறங்கியிருக்கும்.

காய்ச்சல் மட்டும் இல்லை. ஒரே ஆளுக்கு பகல்ல எடுத்தா குறைச்சலாவும் சாயங்காலத்துக்கு மேல எடுத்தா கூடுதலாவும் வரும். ஸ்டீராய்டு மாத்திரை இறக்கிவிடும். மண்ணீரலை எடுத்தவங்களுக்கு எண்ணிக்கை ஏறித் தெரியும். அதனால சுமாரா 30 சதவீதத்துக்குள்ள ஏறி இறங்கறதை உண்மையான மாற்றம்னு நாங்க எடுத்துக்கறது இல்லை. உங்களோடது 27.

ரத்தத்தையும் பத்திரமாக் கையாளணும். ரத்தம் உறையாம வைக்கற, ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாய்ல எடுத்து அறை வெப்பத்துலயே வைக்கணும், ஃபிரிட்ஜ்ல வைக்கக் கூடாது. ஒரு வெளி லேப்ல இருந்து ஒரு நாள் எங்களுக்கு வந்த குழாய்ங்க ஐஸ் பெட்டிக்குள்ள இருந்தது. நல்ல எண்ணத்துலதான் வச்சு அனுப்பியிருக்காங்க. ஆனா அத்தனை பேரையும் திரும்ப வரவழைச்சு ரத்தம் எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுல ஒரு அம்மா பஸ்ஸுக்குக் காசு இல்லாம பக்கத்து வீட்டுல கடன் வாங்கிட்டு வந்திருந்தாங்க. அதுக்கு அப்புறம் குழாய் வந்தா முதல்ல தொட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்கறேன்.

---

பழைய_பயணி | புதன், இரவு 8:45

தங்கச்சி, தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் 2005-ல தாம்பரம் சானடோரியத்துல மருந்து ஆரம்பிச்சவன். 2004 ஏப்ரல் 1-ல அரசாங்கம் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கினப்ப முதல்ல குடுத்த இடங்கள்ல தாம்பரமும் ஒண்ணு. என் முதல் சி.டி.4 என்ன தெரியுமா? 38.

அப்ப வைரல் லோட் எல்லாருக்கும் எடுக்க மாட்டாங்க. அது 2018-க்கு அப்புறம்தான் வழக்கமா வந்தது. எங்க காலத்துல கையில இருந்த ஒரே கண்ணாடி சி.டி.4தான். ஏறிப்போன உச்சத்துல இருந்து பாதியா விழுந்தாலோ, மருந்து ஆரம்பிச்ச நாள்ல இருந்த எண்ணுக்கே திரும்பி வந்தாலோ, 100-க்கு மேல ஏறாமலே கிடந்தாலோதான் மருந்து தோக்குதோன்னு சந்தேகப்படுவாங்க. அந்தப் பழைய கணக்குப்படி பார்த்தாக்கூட உங்க வீட்டுக்காரர் அதுக்குக் கிட்டக்கூட வரலை. இப்ப அதைவிட நல்ல சாட்சி கையில இருக்கு. வைரல் லோட் தென்படலைன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

ஆறுதலுக்காகச் சொல்லலைம்மா. எனக்கு இருபது வருஷம் ஆச்சு. 38, 164, 290, அப்புறம் 410. அதுக்கு மேல ஏறவே இல்லை. நடுவுல ஒரு தடவை 310-க்குக் கூட வந்தது. இன்னிக்கும் காலையில நாலு கிலோமீட்டர் நடக்கறேன்.

---

மூலிகை_நேசன் | வியாழன், காலை 7:05

இந்த எண்ணெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம் சகோதரி. எதிர்ப்பு சக்தி ஏத்தற மூலிகைப் பொடி ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ரெண்டு மாசத்துல 200 ஏறினது. தனியா மெசேஜ் பண்ணுங்க, சொல்றேன்.

---

மருத்துவர்_அரசுப்பணி | வியாழன், இரவு 9:50

மூலிகை_நேசன் ஐயாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதை நம்பி மாத்திரையைக் குறைத்தவர்களை வார்டில் பார்த்தவள் நான்.

சி.டி.4 எண்ணை ஏற்றுவதும் நோயாளியைக் காப்பதும் ஒன்றல்ல. இன்டர்லூக்கின்-2 என்ற மருந்தை ஏ.ஆர்.டி.யோடு சேர்த்துக் கொடுத்து இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2009-ல் முடிவு வந்தது. சி.டி.4 நன்றாகவே ஏறியது. ஆனால் நோயும் சாவும் குறையவில்லை. உங்கள் நண்பருக்கு ஏறிய 200, அவர் அந்த இரண்டு மாதமும் சாப்பிட்ட கூட்டு மருந்தால் ஏறியதாக இருக்கலாம், இல்லையென்றால் முதல் ரத்தத்தைக் காய்ச்சலில் எடுத்திருக்கலாம்.

இன்னொன்று. இப்போது பெரும்பாலோர் சாப்பிடும், மூன்று மருந்து சேர்ந்த டி.எல்.டி. மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் கலந்த சத்துப் பொடியையோ வயிற்றெரிச்சல் மாத்திரையையோ கூடவே போட்டால் அது மருந்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கூட்டு மருந்தை இரண்டு மணி நேரம் முன்னால் போடுங்கள், அல்லது ஆறு மணி நேரம் பின்னால் போடுங்கள். என்ன பொடி சாப்பிட்டாலும் மையத்தில் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டோம்.

நிலா, உங்களுக்கு. நான் நோயாளிகளிடம் இப்படித்தான் சொல்வது வழக்கம்: வைரல் லோட், மாத்திரை வைரஸை அடக்குகிறதா என்று சொல்கிறது. சி.டி.4, இன்றைக்கு வேறு எந்த நோய்க்கு உடம்பு கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்கிறது. உங்கள் கேள்வி மாத்திரையைப் பற்றியது. அதற்குப் பதில் வைரல் லோடில் இருக்கிறது. 448-ல் எந்தக் கதவும் திறந்து கிடக்கவில்லை. காய்ச்சல் தீர்ந்து ஒன்றிரண்டு மாதம் போகட்டும். மனசு கேட்கவில்லை என்றால் அதே மையத்தில், அதே நேரத்தில் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

---

புதுசு_23 | வியாழன், இரவு 11:30

டாக்டரம்மா, நடுவுல கேக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க. எனக்கு வயசு 23. போன வாரம்தான் தெரிஞ்சது. நாலு நாளா டி.எல்.டி. சாப்பிடறேன். சி.டி.4 96-ன்னு வந்திருக்கு. ஆனா எனக்கு ஒண்ணுமே இல்லை, ஜிம்முக்கே போறேன். இப்ப எல்லாருக்கும் சி.டி.4 எவ்வளவா இருந்தாலும் மாத்திரை குடுக்கறாங்களே, அப்ப இந்த எண் எதுக்கு? வைரல் லோட் குறைஞ்சா போதும்தானே?

---

மருத்துவர்_அரசுப்பணி | வெள்ளி, காலை 5:40

தம்பி, நேற்று நிலாவுக்கு "பயப்படாதீர்கள்" என்று எழுதினேன். உங்களிடம் "தள்ளிப்போடாதீர்கள்" என்று சொல்கிறேன். இரண்டும் ஒரே பரிசோதனைதான்.

2017 முதல் நம் நாட்டில் எண்ணைப் பாராமல் எல்லோருக்கும் மருந்து. அது மிகச் சரியான முடிவு. சி.டி.4 500-க்கு மேல் இருப்பவர்கள்கூட உடனே தொடங்கினால் கடும் நோய் பாதிக்கு மேல் குறைகிறது என்று 2015-ல் ஸ்டார்ட் ஆய்வு காட்டியது. ஆனால் அதற்குப் பிறகு, மருந்துதான் கொடுத்தாயிற்றே என்று முதல் சி.டி.4-ஐப் பலரும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். எனக்கு மனம் ஆறாத விஷயம் அதுதான். தொடக்கத்தில் அந்த ஒரு எண் சொல்வதை வேறெதுவும் சொல்லாது.

200-க்குக் கீழே இருந்தால், உடம்பு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், அது முற்றிய நிலை. 200-க்குக் கீழே நிமோசிஸ்டிஸ் நிமோனியா, 100-க்குக் கீழே மூளையைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, 50-க்குக் கீழே கண் பார்வையைப் பறிக்கும் சைட்டோமெகலோ வைரஸ். காசநோய் எந்த எண்ணுக்கும் காத்திருக்காது. எண் இறங்க இறங்க அது நுரையீரலை விட்டு வெளியேயும் பரவும்.

உங்களுக்கு 96. இன்றே மையத்துக்குப் போய்க் கேளுங்கள்:

ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜன் பரிசோதனை செய்தார்களா? இதை முதலில் கேளுங்கள். தலைவலி தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே அந்தப் பூஞ்சை ரத்தத்தில் தெரிந்துவிடும். அப்போது பிடித்தால் மாத்திரையிலேயே தடுக்கலாம். அது மூளை உறையில் இருக்கும்போது கூட்டு மருந்து தொடங்கினால், எழுந்து வரும் எதிர்ப்பு சக்தியே மூளையில் வீக்கத்தை உண்டாக்கும். அதனால்தான் அந்த மூளைக்காய்ச்சல் இருப்பவர்களுக்கு முதலில் பூஞ்சைக்கு மருந்து கொடுத்து, ஏ.ஆர்.டி.யை நாலு முதல் ஆறு வாரம் தள்ளி வைக்கிறோம்.

அடுத்து காசநோய். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, இந்த நாலில் ஒன்று இருந்தாலும் சளியும் எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். கையில் ஊசி போட்டு வீங்குகிறதா என்று பார்க்கும் மாண்டூ பரிசோதனை உங்களிடம் பொய் சொல்லலாம். வீங்குவதற்கே சி.டி.4 செல் வேண்டும். காசநோய் இல்லை என்று உறுதியானால் அதைத் தடுக்கும் மாத்திரை தருவார்கள்.

கோட்ரைமாக்சசோல், செப்ட்ரான் என்பார்களே, அது தினமும். கூட்டு மருந்தோடு சேர்த்து இதையும் விடாதீர்கள்.

தலைவலி, வாந்தி, மூச்சு வாங்குவது, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஜிம்மில் எடை தூக்க முடிகிறது என்பதை வைத்து எதிர்ப்பு சக்தியை அளக்க முடியாது தம்பி.

---

பழைய_பயணி | வெள்ளி, காலை 8:10

தம்பி, டாக்டரம்மா சொன்ன அந்த "எழுந்து வரும் எதிர்ப்பு சக்தி" விஷயத்தை நான் அனுபவிச்சிருக்கேன். எனக்கு 38-ல இருந்தப்ப காசநோயும் இருந்தது. முதல்ல டி.பி. மருந்து, கொஞ்ச வாரம் கழிச்சு ஏ.ஆர்.டி. ஆரம்பிச்சு மூணாவது வாரம் கழுத்துல எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி, 103 டிகிரி காய்ச்சல். மருந்துதான் என்னைக் கொல்லுதுன்னு நினைச்சு நிறுத்தப் போனேன். வார்டுல ஒரு நர்ஸ் அக்கா என் கட்டில்ல உட்கார்ந்து, "உன் போலீஸ்காரங்க இப்பத்தான் தூங்கி எழுந்திருக்காங்க, திருடனைப் பார்த்துட்டு விசில் அடிக்கறாங்க, அதான் சத்தம்"னாங்க. நிறுத்தலை. ரெண்டு மாசத்துல கட்டி கரைஞ்சது.

நல்லா ஆகற வழியில ஒரு தடவை மோசமாகலாம். அப்ப நீயா முடிவெடுத்து மாத்திரையை நிறுத்தாதே. ஓடிப் போய் டாக்டர்கிட்ட காட்டு.

---

பேரன்_பாட்டி | வெள்ளி, மாலை 4:25

எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கணும், பக்கத்து வீட்டுப் பொண்ணு டைப் பண்ணித் தருது. என் பேரனுக்கு நாலு வயசு. ஆறு மாசமா மருந்து குடுக்கறேன். சி.டி.4 780. பெரியவங்களுக்கே 500-க்கு மேல நல்லதுங்கறீங்க, அப்ப இவனுக்கு ரொம்ப நல்லாத்தானே இருக்கு?

---

லேப்_தம்பி | வெள்ளி, இரவு 7:00

பாட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பாவே சி.டி.4 பெரியவங்களைவிட ரொம்ப ஜாஸ்தி. வயசு ஏற ஏறத்தான் இறங்கி நம்ம அளவுக்கு வரும். அதனால அஞ்சு வயசு வரைக்கும் அந்த எண்ணைவிட சதவீதத்தைத்தான் பார்ப்பாங்க. நாலு வயசுக்கு 25-க்கு மேல இருந்தா நல்லது. பேரன் ரிப்போர்ட்ல எவ்வளவு போட்டிருக்கு?

---

பேரன்_பாட்டி | வெள்ளி, இரவு 7:40

19.

---

மருத்துவர்_அரசுப்பணி | வெள்ளி, இரவு 10:15

அம்மா, 19 என்பது அவன் வயதுக்குக் குறைவு. ஆனால் ஆறு மாதம்தானே ஆகிறது, பிள்ளைகளுக்கு எதிர்ப்பு சக்தி பெரியவர்களைவிட வேகமாகத் திரும்பி வரும். மூன்று விஷயம் பாருங்கள். எடையும் உயரமும் ஒவ்வொரு முறையும் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் எதிர்ப்பு சக்தியை எடை மெஷினும் பேசும். எடை கூடக்கூட மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும், அதை ஞாபகப்படுத்துங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும் முன் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், எதிர்ப்பு சக்தி மிகக் குறைவாக இருக்கும்போது தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைத் தள்ளிப்போடுவது உண்டு.

வாய்க்குள் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரலில் துணி சுற்றித் துடைத்தால் பாலாடை போனால் பரவாயில்லை. துடைத்த இடம் சிவந்து ரத்தம் கசிந்தால் அது பூஞ்சை, உடனே காட்டுங்கள். மெஷின் வருவதற்கு முன்பு நாங்கள் இப்படி வாயையும் தோலையும் எடையையும் பார்த்துத்தான் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்தோம். இன்றும் நான் முதலில் "ஆ காட்டு" என்றுதான் சொல்கிறேன்.

---

வேலூர்_வாசகன் | சனி, காலை 10:30

எனக்கு ஒரு மனக்குறை. ரெண்டு வருஷமா எனக்கு சி.டி.4 எடுக்கறதையே நிறுத்திட்டாங்க. "350-க்கு மேல இருக்கு, வைரல் லோடும் அடங்கியிருக்கு, இனி தேவையில்லை"ன்னாங்க. காசை மிச்சம் பிடிக்கறாங்களோன்னு தோணுது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

---

பழைய_பயணி | சனி, காலை 11:15

உங்க மனசு புரியுது சார். எனக்கும் நிறுத்தினப்ப கோபம் வந்தது. பதினஞ்சு வருஷம் அந்த எண்ணைத்தானே புடிச்சிட்டு நடந்தோம். இன்னிக்கும் டாக்டர்கள் சொல்றதை முழுசா ஏத்துக்க முடியலை. நோயாளியோட மனசுக்காக வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுக்கலாம்.

---

மருத்துவர்_அரசுப்பணி | சனி, இரவு 9:00

இதில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை அண்ணா. நிலா நாலு நாள் தூங்காமல் இருந்ததும், அவர் கணவர் சாப்பாட்டைக் குறைத்ததும் எதனால்? வைரல் லோட் அடங்கிய ஒருவருக்கு எடுத்த சி.டி.4-ஆல்தான். அந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் நான் மாத்திரையை மாற்றப் போவதில்லை. மாற்றம் எதுவும் செய்ய உதவாத எண், பயத்தை மட்டும் தரும்.

ஏறிய எண்ணிலும் ஆபத்து உண்டு. 2006-ல் ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5,472 பேர் இருந்தார்கள். ஒரு பாதிக்கு சி.டி.4 350-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, 250-க்குக் கீழே வந்தால் திரும்பக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் நோயும் சாவும் கூடியதால் இடையிலேயே அந்த முறையை நிறுத்த வேண்டி வந்தது. "எண் நல்லாருக்கு, கொஞ்ச நாள் மருந்துக்கு லீவு விடலாமா" என்று இன்றும் என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

வேலூர் சார், வருடத்துக்கு ஒரு முறை வைரல் லோடை மட்டும் விடாமல் கேட்டு எடுங்கள். அது 1,000-ஐத் தாண்டினாலோ, மாத்திரை விட்டுப்போனாலோ, புதிதாக நோய் வந்தாலோ சி.டி.4-ஐத் திரும்ப எடுப்பார்கள். அப்போது எடுக்காவிட்டால் சண்டை போடுங்கள், நானும் உங்கள் பக்கம்.

---

வேலூர்_வாசகன் | சனி, இரவு 9:40

சரிங்க டாக்டர். அடுத்த வைரல் லோட் தேதியைக் காலண்டர்ல எழுதி வச்சுக்கறேன்.

---

புதுசு_23 | அடுத்த வியாழன், இரவு 8:20

டாக்டரம்மா, போனேன். கிரிப்டோ டெஸ்ட் எடுக்கலைன்னு சொன்னதும் அங்க இருந்த கவுன்சிலர் அக்காவே கூட வந்து எடுக்க வச்சாங்க. நெகட்டிவ். ஆனா எக்ஸ்ரேயில நெஞ்சுக்குள்ள நெறிகட்டி பெருசா இருக்குன்னு சொல்லி, சளியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினதுல காசநோய்னு வந்திருக்கு. ராத்திரி வியர்க்கறதை ஃபேன் ஓடலைன்னு நினைச்சிட்டு இருந்தேன். இன்னிக்கு டி.பி. மருந்து ஆரம்பிச்சாச்சு. டோலுடெக்ராவிர் தனியா ஒண்ணு சேர்த்து ரெண்டு வேளை போடச் சொல்லியிருக்காங்க. பயமா இருக்கு.

---

மருத்துவர்_அரசுப்பணி | வியாழன், இரவு 9:05

சரியான சிகிச்சை தம்பி. டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் கரைத்துவிடும், அதனால்தான் இரண்டு வேளை. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கழுத்தில் கட்டி, காய்ச்சல் வந்தால் பழைய_பயணி அண்ணா எழுதியதைத் திரும்பப் படியுங்கள். பிறகு மையத்துக்குப் போங்கள்.

---

பழைய_பயணி | வியாழன், இரவு 9:30

என் நம்பரைத் தனியா அனுப்பியிருக்கேன் தம்பி. ராத்திரி எத்தனை மணின்னாலும் கூப்பிடு.

---

நிலா_நாமக்கல் | மூணு மாசம் கழிச்சு, ஞாயிறு, மாலை 6:10

எல்லாருக்கும் வணக்கம். வந்து சொல்லணும்னு நினைச்சுட்டே இருந்தேன். காலையில அதே நேரத்துக்குப் போய் ரத்தம் குடுத்தார். 587, 29 சதவீதம். லேப்_தம்பி சொன்ன மாதிரி நானே வகுத்துப் பார்த்தேன், மொத்தம் 2,024 வருது. இவரையும் உட்கார வச்சு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ராத்திரி மூணு தோசை சாப்பிட்டார்.

புதுசு_23 தம்பி, நீங்க எப்படி இருக்கீங்க?

---

புதுசு_23 | ஞாயிறு, இரவு 7:55

எடை மூணு கிலோ கூடியிருக்கு அக்கா. கட்டி வந்தது, அண்ணனுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்ணினேன். எடுத்துப் பேசினார். இப்ப வத்திடுச்சு. அடுத்த மாசம் வைரல் லோட் எடுப்பாங்க.